பதினோராம் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசையில் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தபோது கரண்ட் இல்லை. மின்விசிறிகள் நின்றுவிட்டன, மைக் செத்துவிட்டது, மாதா கோயில் முழுக்க அப்படி ஓர் அமைதி. அந்த அமைதியில் பக்கத்தில் முழங்காலிட்டிருந்த என் புருஷன் கில்பர்ட்டின் நெஞ்சிலிருந்து கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லை.

இதை விளக்கிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். நான்கு வருடம் முன்னால் கில்பர்ட்டின் இதயத்தில் கெட்டுப்போன வால்வு ஒன்றை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் மூட்டுகளை விட்டுவிட்டு இதயத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, நாற்பத்தைந்து வயதில் வேலையைக் காட்டியிருந்தது. உலோக வால்வு ஒவ்வொரு முறை மூடும்போதும் டிக் என்று ஒரு சத்தம் வரும். தலையணைக்கடியில் வைத்த கைக்கடிகாரம் அளவுக்குத்தான். முதல் மாதம் அந்தச் சத்தத்தால் எனக்குத் தூக்கமே இல்லை. பிறகு அது கேட்காமல் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது. கோயிலில் முன்பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் கில்பர்ட் சட்டைப் பையைத் தட்டி, 'பாம்' என்று வாயசைப்பார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருக்கிற மனுஷன், பிள்ளைகளைச் சிரிக்க வைக்காமல் இருக்க முடியாது.

நான் வெட்கத்தை விட்டுவிட்டேன். ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்க, ஊர்ச்சனம் எல்லாம் தலை குனிந்திருக்க, நான் என் புருஷன் மார்பில் காதை வைத்தேன். சத்தம் இருந்தது. ஆனால் அது டிக் இல்லை. இடுக்கில் துணி சிக்கிய கதவை மூடினால் வருமே, அந்த மாதிரி மந்தமாக இருந்தது.

"ஏய், எல்லாரும் பாக்கறாங்க" என்றார் கில்பர்ட்.

"மூச்சு வாங்குதா?"

"லைட்டா."

 கால்பந்து ஆடும்போது தோளெலும்பு முறிந்து கை தொங்கிய அன்றைக்கும் இதே மனுஷன் "லைட்டா வலிக்குது" என்றுதான் சொன்னாராம். அவர் அகராதியில் 'லைட்டா' என்பதற்கு மேலே வார்த்தையே கிடையாது.

கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டி வந்தேன். கோயில் வாசலில் நான்கு படி. நான்காவது படியில் அவர் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. ஆட்டோக்காரரிடம் "பேகா ஹோகி அண்ணா, ஹார்ட்டு" என்று மட்டும் சொன்னேன், சீக்கிரம் போங்கள் என்று. பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் என் உள்ளங்கை அவர் சட்டைக்குள்ளேயே இருந்தது. நின்றுவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கையை எடுக்க மட்டும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அரைமணி நேரத்தில் எண்ணைச் சொன்னார்கள். ஒன்று புள்ளி மூன்று.

உலோக வால்வுக்காரர் வீட்டில் எல்லாரும் இந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான் வாழ்வார்கள். ஐ.என்.ஆர். என்பார்கள். உலோகத்தின் மேல் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று காலமெல்லாம் ரத்தத்தை இளக்கும் மாத்திரை தின்ன வேண்டும். போதுமான அளவு இளகியிருக்கிறதா என்று சொல்வது அந்த எண். கில்பர்ட்டுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலே போனால் உள்ளே எங்காவது ரத்தம் கசியும். கீழே போனால் வால்வில் கட்டிக்கொள்ளும். கயிற்றின் மேல் நடப்பது மாதிரிதான், கீழே வலையும் கிடையாது. நான்கு வருடம் ஒழுங்காக நடந்தோம்.

இரண்டரை மாதமாகத்தான் எண் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு புள்ளி ஒன்பது, பிறகு இரண்டு புள்ளி மூன்று, பிறகு ஒன்று புள்ளி ஒன்பது. டாக்டர் ஸ்ரீரஞ்சனி இரண்டு முறை மாத்திரையைக் கூட்டினார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான். "கீரை சாப்பிடறாரா?" கீரையில் இருக்கும் சத்து அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அதனால் எங்கள் வீட்டில் கீரைக்கு அனுமதி இல்லை. மணத்தக்காளி, அரைக்கீரை, முருங்கை ஒன்றுமே வாசல் தாண்டாது.

நான் போலீஸ்காரியாகிவிட்டேன். குப்பைக்கூடையைக் கிளறினேன். அவர் பள்ளிக்கூட டிபன் டப்பாவை மோந்து பார்த்தேன். ஒருநாள் தூங்கும்போது அவர் விரலைக்கூட மோந்து பார்த்தேன், முருங்கை வாசனை வருகிறதா என்று. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்குப் பச்சையாக இருந்ததெல்லாம் பேய். கடைசியில் பேய் பிரிஜெட் அக்காதான் என்று முடிவு கட்டினேன்.

பிரிஜெட், கில்பர்ட்டின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் தம்பிக்கு டிபன் கேரியர் அனுப்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போன மாதம் கேரியரை நானே திருப்பி எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் வைத்தேன். "தம்பியக் கொல்லணும்னு கங்கணம் கட்டிக்கிட்டீங்களா?" என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன்.  அக்கா அடுக்கைத் திறந்து காட்டினார். வாழைக்காய் வறுவல். அப்போதும் நான் விடவில்லை, இன்றைக்கு வாழைக்காய், நேற்று என்ன என்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அன்றிலிருந்து அக்கா எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

பதினோரு மணிக்கு எக்கோ என்று இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஸ்ரீரஞ்சனி திரையை என் பக்கம் திருப்பினார். கண்ணாடிக்குப் பின்னால் நிதானமான கண்கள். அவர் நிதானம்தான் எனக்கு அதிகம் பயம் கொடுத்தது.

"வால்வுல ரெண்டு இலை இருக்கு பாருங்க. இது நல்லாத் திறந்து மூடுது. இன்னொண்ணு பாதியிலயே நிக்குது. அது மேல ரத்தம் கட்டியிருக்கு. அடுத்ததும் நின்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

வழி இரண்டுதான் என்றார். மறுபடி நெஞ்சைத் திறக்கலாம். இல்லாவிட்டால் கட்டியைக் கரைக்கும் மருந்தை ட்ரிப்பில் மெதுவாக ஏற்றலாம். கரையும்போது ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போக வாய்ப்பு உண்டு. மூளையில் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு. இருந்தாலும் இந்த நிலைமையில் ட்ரிப்தான் மேல் என்பது அவர் எண்ணம்.

பிறகு கில்பர்ட்டைப் பார்த்துக் கேட்டார். "மாத்திரை கூட்டியும் எண் இறங்கிட்டே இருக்கு. வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா சார்? ஆயுர்வேதம், ஹோமியோபதி, டானிக், பொடி, எதுவானாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் கில்பர்ட், மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

"கீரையக் கண்ணுல கூடக் காட்டறதில்ல டாக்டர்" என்றேன் நான். பெருமையாகத்தான் சொன்னேன். நானும் ஒரு கெமிஸ்ட், பீன்யாவில் ஒரு மூலிகைச் சத்துக் கம்பெனியில் சோதனைச்சாலையில் இருக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பழைய ஆபரேஷன் கோப்பும் இன்ஷூரன்ஸ் அட்டையும் வேண்டும் என்றார்கள். ட்ரிப் ஆரம்பிக்க ஒரு மணி ஆகும், அதற்குள் போய்வந்துவிடலாம் என்று ஓடினேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கோப்பு கிடைத்தது. துண்டு, லுங்கி, சோப்பு எடுத்து வைக்கப் பை ஒன்று வேண்டும். அலமாரிக்கு மேலே கில்பர்ட்டின் பழைய கால்பந்துப் பை இருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் நான் அதைத் தொட்டதே இல்லை. தொட்டால் அவர் மைதானத்தில் ஓடுவது கண்ணில் வரும், அழுகை வரும், அதனால்.

இழுத்துத் திறந்தேன். பூட்ஸுக்குள் மூன்று பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. இரண்டு காலி, ஒன்றில் பாதி.

மூடியைத் திருகி மோந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட எனக்கு இல்லை. சிவப்பு ஜின்செங் மாத்திரை, தெம்புக்குத் தின்னும் ஒரு வேரிலிருந்து செய்தது. எங்கள் கம்பெனிப் பாட்டில். அடியில் அச்சடித்திருந்த பேட்ச் எண்ணைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜனவரியில் நான் சோதித்த பேட்ச்.

ஆறு வருடமாக என் வேலை இதுதான். மூட்டை மூட்டையாக ஜின்செங் பொடி வரும். ஒரு சிட்டிகையைக் கரைத்து, வடிகட்டி, ஊசியில் உறிஞ்சி இயந்திரத்துக்குள் விடுவேன். அந்த வேரின் உயிரே ஜின்செனோசைடு என்னும் சத்துகள்தான். அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து திரையில் மலை மலையாக எழும். ஆர்ஜி ஒன் முதலில் வரும், ஆர்பி ஒன் நிதானமாகப் பின்னால் வரும். பஸ் கண்டக்டருக்கு நிறுத்தங்கள் தெரிவதுபோல எனக்கு அவை வரும் நேரம் அத்துப்படி. ஒன்று உடம்பைத் தட்டி எழுப்பும், ஒன்று படபடப்பைத் தணிக்கும் என்று விற்பனைக்காரர்கள் மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டுவார்கள். ஜின்செங் தின்ற எலி கூடுதல் நேரம் நீந்தியதாம். தின்ற மனிதருக்குச் சோர்வு குறைந்ததாம், ஞாபகம் கூடியதாம். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பேன். எலி நீந்தினால் எனக்கென்ன? எத்தனை சதவீதம் என்பதுதான் என் கேள்வி. ஈயம் இல்லை, ஆர்சனிக் இல்லை, பூச்சிமருந்து இல்லை, சத்து எட்டு சதவீதம் இருக்கிறது. அப்படியென்றால் 'தேறியது' என்று போட்டு என் பெயரை எழுதுவேன். பாட்டிலில் இருக்கும் கட்டம் போட்ட சதுரத்துக்கு நேராக போனைக் காட்டினால் அந்தச் சான்றிதழ் திறக்கும். கம்பெனிக்கு அதில் பெருமை. எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

இந்த வேருக்கும் அவர் மாத்திரைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? ஆறு வருடம் கையாண்டவளுக்கு அது தெரியவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வரப்போவதில்லை.

ஒவ்வொரு சரக்குக்கும் பதினாறு பக்கத்தில் ஒரு கோப்பு வரும். மூன்றிலிருந்து ஆறு வரை என் பக்கங்கள். ஏழும் எட்டும் கிடங்குக்காரர்களுக்கு. மற்றது லேபிள் அச்சடிக்கிறவர்களுக்கு. அப்படித்தான் எங்கள் ஆபீஸில் பிரித்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் அவரவர் பக்கத்தை ஒழுங்காகப் படிப்போம், அடுத்தவர் பக்கத்தைத் தொடமாட்டோம். போனில் மெயிலைத் தோண்டி அந்தக் கோப்பை எடுத்தேன். அவசரத்தில் விரல் இரண்டு முறை வேறு எதையோ திறந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஆறாம் பக்கத்தைத் தாண்டினேன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பதினோராம் பக்கத்தில் நடுவில் ஒரு வரி இருந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் இதைத் தவிர்க்கவும், மருந்தின் வேலை குறையக்கூடும்.

கையில் விளக்கோடு கிணற்றில் விழுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் விழவில்லை. விளக்கைப் பிடித்து அவரைக் கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறேன்.

ஒரு நிமிஷம், உண்மையைச் சொல்கிறேன், பாட்டிலை மறைத்துவிடலாமா என்று தோன்றியது. மறைத்தால் என்ன? எப்படியும் கட்டியைக் கரைக்கப் போகிறார்கள், இனிமேல் இதை அவர் தொடமாட்டார், நான் பார்த்துக்கொள்வேன். வேலை போகாது, டாக்டர் முன்னால் அசிங்கம் இல்லை. அந்த எண்ணம் வந்ததே என்று இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. மூன்று பாட்டிலையும் துண்டில் சுற்றிக்கொண்டு கீழே ஓடினேன்.

டாக்டர் ஸ்ரீரஞ்சனி லேபிளைப் படித்தார். போனில் பதினோராம் பக்கத்தையும் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.

"இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சில ஆய்வுல எண் குறைஞ்சிருக்கு, சில ஆய்வுல ஒண்ணுமே ஆகல. இவரை மாதிரி உலோக வால்வு வெச்சவங்களுக்கு எண் சரிஞ்ச கேஸும் பதிவாயிருக்கு. இவருக்கு எண் இறங்க ஆரம்பிச்சதும் இதை ஆரம்பிச்சதும் ஒரே சமயம். நான் இதை லேசா எடுத்துக்க மாட்டேன்."

"இப்பச் சொல்லி என்ன டாக்டர் பிரயோஜனம்? கட்டிக்கிச்சே."

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? இது தெரியாம நாங்க மாத்திரையக் கூட்டிக்கிட்டே போயிருப்போம். இங்க படுக்கையில இந்த ஜின்செங் நின்னுடும். நின்னதும் கூட்டின மாத்திரை அத்தனையும் ஒரேயடியா வேலை செய்யும். ரத்தம் தண்ணியாயிடும். கட்டி கரைஞ்சு பொழைச்ச ஆளு, அடுத்த வாரம் மூளையில ரத்தம் கசிஞ்சு போயிருப்பாரு." எழுந்தவர் நின்று சொன்னார். "நல்ல வேளை, கொண்டுவந்தீங்க."

பாட்டிலை மறைக்க நினைத்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. 

ஒரு மணிக்கு ட்ரிப் ஆரம்பித்தார்கள். ஆறு மணி நேரம் ஓடும். அரைமணிக்கு ஒரு முறை நர்ஸ் வந்து கேள்வி கேட்பார். மூளைக்கு ஏதாவது போனால் முதலில் பேச்சு குழறுமாம், அல்லது கை தூக்க வராதாம். அதனால் கன்னடத்தில் மூன்று கேள்வி. "ஹெசரு ஹேளி. எல்லி இத்தீரா? இவரு யாரு?" உங்கள் பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள், இவர் யார். மூன்றாவது கேள்விக்கு விரல் என்னைக் காட்டும். பிறகு இரண்டு கையையும் தூக்கச் சொல்வார்.

முதல் தடவை சரியாகச் சொன்னார். இரண்டாவது தடவையும் சரி. ஒவ்வொரு முறையும் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எனக்கு ஒரு யுகம் போனது.

நர்ஸ் போனதும் பாட்டிலை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை போய்விடும், அது அவருக்கும் தெரியும்.

"யோவ். இன்னாய்யா இது?"

கில்பர்ட் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"டாக்டர்கிட்டப் பொய் சொல்றியே, சாவறதுக்கா? பிரிஜெட் அக்காவ நான் நடுத்தெருவுல நிக்க வெச்சுக் கேட்டேனே, அப்பக்கூட வாயத் தொறக்கலையே நீ?"

"மருந்துன்னாதானே சொல்லணும். அது வேரு மா. தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்."

"யாரு சொன்னா தப்பா இருக்காதுன்னு?"

"நீதான்" என்றார்.

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அந்தக் குரலில் அப்படி ஒரு நம்பிக்கை. "கடையில பத்து கம்பெனி சரக்கு இருந்துச்சு மௌரீன். எவனை நம்பறது? ஒவ்வொரு பாட்டிலா போனக் காட்டிக் காட்டிப் பாத்தேன். கடைக்காரன் கடுப்பாயிட்டான். உன் பேரு வந்துச்சு. நீ பாத்துத் தேறுச்சுன்னு போட்டிருந்தே. அதான் எடுத்தேன். அதுக்கப்புறமும் உன் பேரு இருக்கறதா பாத்துத்தான் வாங்குனேன்."

 அதுவரை பிரிஜெட் அக்காவையும், கீரையையும், அவரையும் திட்டித் தீர்த்திருந்தேன். என்னை மட்டும் விட்டிருந்தேன்.

மூன்று மணிக்கு நர்ஸ் வந்தார். பெயர், இடம், ஆள். கை இரண்டும் தூக்கினார். இடது கை கொஞ்சம் மெதுவாக வந்ததுபோல் எனக்குப் பட்டது. "இன்னொரு தடவ தூக்கச் சொல்லுங்க" என்று நர்ஸிடம் கெஞ்சினேன். தூக்கினார். சரியாகத்தான் இருந்தது. ஊசி குத்திய கை, அதனால் மெதுவாக என்றார் நர்ஸ். நான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அங்கிருந்துதான் பிரிஜெட் அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அக்கா குறுக்கே விழுந்து, "அதெல்லாம் அப்புறம். நீ சாப்டியாடி?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு நான் அழுத அழுகை, கேரியரை வாசலில் வைத்ததற்கெல்லாம் சேர்த்துத்தான்.

திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டேன். "எதுக்குங்க அது உங்களுக்கு? உடம்புக்கு என்ன கொற? நல்லாத்தானே இருந்தீங்க. மறுபடி ஆடணும்னு ஆசையா?"

"ஆட்டமா? நாப்பத்தொம்பது வயசுல எவன் சேத்துக்குவான்?" சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.  பிறகு சொன்னார். "தினமும் சாயங்காலம் படியேறும்போது, ரெண்டாவது மாடி வந்ததும் நின்னு பையில சாவி தேடுவே இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதை உங்களிடமும் நான் இதுவரை சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் நின்றுவிடுவேன். ஹேண்ட்பேக்கைத் திறந்து, சாவியைக் காணோமே என்று துழாவுவேன். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை துழாவுவேன். நின்று மூச்சு வாங்குகிறோம் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடக் கூடாது என்று. அவருக்குத் தெரியாது என்றுதான் நான்கு வருடமும் நினைத்திருந்தேன்.

"சாவி உன் கையிலயே இருக்கும்" என்றார் கில்பர்ட். "எனக்குத் தெரியும் மௌரீன். தெரியாத மாதிரி நிப்பேன். ஒரு நாளாவது நீ அப்படித் தேடாம, நேரா நம்ம வீட்டு வாசல் வரைக்கும் நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போயிடணும்னு இருந்துச்சு. அவ்ளோதான். பாட்டில்ல சோர்வு போகும்னு போட்டிருந்தான்."

"போச்சா?"

"முதல் மாசம் போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் முன்னைக்கும் மோசமாச்சு. அப்பவும் விடல. நெறைய எடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது. "பயமா இருக்கு மௌரீன்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. எனக்குத் தைரியம் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான் என்றேன். எங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அவர் போய்விட்டால் அந்த மூன்றாவது மாடியில் நான் யாரோடு இருப்பேன் என்று அந்த நேரத்தில்கூட எனக்கு என் பயம்தான் வந்தது.

நாலரைக்கு நர்ஸ் வந்தார். பெயர் கேட்டார், சொன்னார். இடம் கேட்டார், சொன்னார். "இவரு யாரு?" என்று என்னைக் காட்டினார்.

கில்பர்ட் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. உதடு மட்டும் ஒரு பக்கமாகக் கோணி நடுங்கியது. நர்ஸ் குனிந்தார். "சார்? இவரு யாரு சார்?" நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முடிந்தது, துணுக்கு போய்விட்டது, பேச்சு போய்விட்டது என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறெதுவும் எனக்கு வரவில்லை.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. தொண்டையைச் செருமினார். "என் பொண்டாட்டி" என்றார், தெளிவாக. அழுகை தொண்டையை அடைத்ததே ஒழிய வேறொன்றுமில்லை.

நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.  அதற்கு மேல் நடந்தவை சரியாக நினைவில்லை. ஏழு மணிக்கு ட்ரிப் முடிந்தது, பிரிஜெட் அக்கா கஞ்சி கொண்டுவந்தார், என்னைத் திட்டித் திட்டிக் குடிக்க வைத்தார். மறுநாள் காலை எக்கோ எடுத்தார்கள். நின்றிருந்த இலை முக்கால்வாசி திறந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு ட்ரிப். நான்காம் நாள் இரண்டு இலையும் அசைந்தன. டாக்டர் ஸ்ரீரஞ்சனி முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தார். மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எண் நிலைக்கும்வரை இருங்கள் என்றார்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தோம். பிரிஜெட் அக்கா முன்னாலேயே சாவி வாங்கிக்கொண்டு போய் வீட்டைத் துடைத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார். என் பையில் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

முதல் மாடி ஏறினோம். பேசிக்கொண்டே ஏறினோம், என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள், என் காதெல்லாம் அவர் மூச்சில்தான் இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பம் வந்தது. நிற்கவா, நடக்கவா? நின்றால் அவருக்கு அவமானம். நின்றதால்தானே பாட்டில் வாங்கினார்? நடந்தேன். நான்கு படி, ஐந்து படி, ஆறு படி. பின்னால் காலடி கேட்கவில்லை.

எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன்.

கில்பர்ட் திருப்பத்தில் படிமேல் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கை வைத்திருந்தார். இரண்டாவது மாடி ஜகதாம்பாள் மாமி கோலப்பொடி டப்பாவோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு கில்பர்ட்? தண்ணி கொண்டாரட்டுமா?" என்றார் மாமி.

"ஒண்ணும் இல்ல மாமி. ஏற முடியல. மூச்சு வாங்குது. உக்காந்து உக்காந்துதான் போகணும்" என்றார் கில்பர்ட், மூன்று மாடிக்கும் கேட்கும்படி.

நான் ஆறு படியும் இறங்கி வந்தேன். தள்ளி உட்காருங்க என்றேன். இடம் விட்டார். பொத்தென்று உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். "உனக்கென்ன?" என்றார்.

"எனக்கும்தான் மூச்சு வாங்குது" என்றேன். இந்த முறை அது நடிப்பில்லை.